செம்பில் இல்லை தீநீரின் சுத்தம்

நாட்டுமருந்துக் கடைகளிலும் இயற்கை அங்காடிகளிலும் ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டது. ஓமத் தீநீரோ துளசித் தீநீரோ பன்னீரோ, எதுவானாலும் செம்பு வாலையில் வடித்தால்தான் மதிப்பாம். எவர்சில்வர் வாலையில் வடித்தது வெறும் மணத்தண்ணீராம். வீட்டளவில் சிறியதாக ஒரு வாலை செய்துகொள்ள நினைப்பவரும் எடுத்த எடுப்பில் "நல்ல செம்பு எங்கே கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார். விலையைக் கேட்டதும் பலர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் பழைய செம்புக் குடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் வாயில் குழாயை வைத்து, கிடைத்த ஈயக் கம்பியால் பற்றவைத்துக் காய்ச்சத் தொடங்குகிறார்கள். இவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அந்தக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். மருந்தென்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கும் நீர் அந்தப் பற்றைத் தொட்டுக்கொண்டுதான் சொட்டுகிறது.

செம்பைப் பற்றிய ஓர் உண்மையைப் பொருந்தாத இடத்தில் கொண்டுவந்து வைத்ததால் பிறந்த நம்பிக்கை இது. விதை, இலை, பூ, வேர் ஆகியவற்றிலிருந்து தீநீர் வடிக்கிறவருக்கு எவர்சில்வர் வாலைதான் சரியான வாலை. கைக்கு எட்டாதவருக்கான மாற்று வழியாக இதைச் சொல்லவில்லை. செம்பு வாங்கப் பணம் இருந்தாலும் எவர்சில்வரில் செய்யுங்கள் என்றே சொல்வேன்.

பாரம்பரியத்தில் இருந்தே தொடங்குவோம், ஏனென்றால் மறுபக்கத்தார் அதில்தான் தொடங்குகிறார்கள். சித்த மருத்துவம் வகுத்த 32 அக மருந்துகளில் தீநீரும் ஒன்று. அதை வடிக்க வாலை இயந்திரத்தை மண்பானைகளைக் கொண்டே அமைத்திருக்கிறார்கள். இடுக்குகளைச் சீலைமண் பூசி அடைத்தார்கள். செம்புதான் மரபு என்பவர்கள் முதலில் இந்த மண்பானைக்குப் பதில் சொல்லட்டும். செம்பு வாலை மரபும் நாட்டில் உண்டுதான். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் வடிப்பவர்கள் 'தேக்' என்னும் செம்பு அண்டாவில் பூவையும் நீரையும் இட்டு, மூங்கில் குழாய் வழியே 'பப்கா' என்னும் கலத்துக்குள் ஆவியை இறக்குகிறார்கள். அவர்கள் கைத்திறன் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அந்த அண்டா உருவான காலத்தில் எவர்சில்வர் என்ற உலோகமே கிடையாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி அதை உருக்கி எடுத்தது 1913இல். அதற்கு முன் கன்னானுக்கு என்ன வழி இருந்தது? இரும்பு துருப்பிடிக்கும்; கிராம்பெண்ணெய் போன்றவை இரும்பு பட்டால் கறுத்துவிடும். செம்பு அடித்தால் விரியும், வளைத்தால் வளையும், ஒட்டவைத்தால் ஒட்டும். கைக்குக் கிடைத்ததில் சிறந்ததை அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய அறிவை மதிக்கிறவர்கள் அவர் தேர்ந்தெடுத்த முறையைப் பின்பற்ற வேண்டும். இன்று கிடைப்பதில் சிறந்தது எது என்று கேட்பதுதான் அந்த முறை.

இன்னொரு மரபும் நம் வீடுகளிலேயே இருந்தது. அதை இந்த விற்பனையாளர்கள் யாரும் நினைவூட்டுவதில்லை. ஈயம் பூசாத செம்பிலும் பித்தளையிலும் நம் பாட்டிமார் புளி கரைக்க மாட்டார்கள், மோர் ஊற்றி வைக்க மாட்டார்கள். களிம்பு ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்ற குரல் கேட்டால் அண்டாவும் தவலையும் வாசலுக்கு வந்துவிடும். நவச்சாரப் புகை எழும்ப, பழுக்கக் காய்ந்த பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயத்தைத் துணியால் இழுத்துத் தேய்ப்பார் ஈயம் பூசுகிறவர். ஒரே மூச்சில் உள்ளெல்லாம் வெள்ளியாகப் பளபளக்கும். புளிப்புக்கும் செம்புக்கும் இடையில் ஒரு தடுப்பு வேண்டும் என்பதே அந்தப் பழக்கத்தின் பொருள். தீநீரில் புளிப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான தீநீர்கள் இலேசான அமிலத்தன்மை கொண்டவை. செடியிலிருந்து ஆவியோடு ஏறும் அமிலங்கள் சிறிதளவாவது அதில் இருக்கும். காற்றும் ஈரமும் அமிலமும் சேர்ந்து படும் குளிர்குழாயின் உட்சுவர், செம்பில் களிம்பு ஏறுவதற்கென்றே அமைந்த இடம். ஒருமுறை காய்ச்சி முடித்துக் குழாயை அப்படியே வைத்துவிட்டால், அடுத்த முறை முதலில் சொட்டும் நீர் அந்தக் களிம்பைக் கழுவிக்கொண்டு வரும்.

கண்ணால் பார்க்கச் சான்று வேண்டுமா? இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த கஜபுட்டித் தைலம் ஒரு காலத்தில் பச்சை நிறத்துக்குப் பேர்போனது. அந்தப் பச்சையில் வாலையின் செம்புக்குப் பங்கு உண்டு என்று பழைய மருந்து நூல்களே குறித்திருக்கின்றன. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 0.05 மில்லிகிராம்; வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. செம்புக் குழாயில் வடித்த ஒவ்வொரு சொட்டும் இந்த அளவைத் தாண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் துலக்கி, உலர்த்தி, முதல் நீரைக் கொட்டிவிடுகிறவர் தப்பித்துக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் துலக்கியே தீரவேண்டிய உலோகத்தை, இயல்பிலேயே சுத்தமானது என்று சொல்லி விற்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

செம்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்த நீரில் கிருமிகள் மடிகின்றன என்பது உண்மை. வாலைக்குள் நீர் கொதித்தே ஆவியாகிறது. அந்தக் கொதியைத் தாண்டிச் செம்பு கொல்வதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

அடுத்தது வெப்பம். படித்தவர்களும் இதைத்தான் முன்வைக்கிறார்கள். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன், அதற்குரிய அலகில், ஏறத்தாழ 400. எவர்சில்வரின் திறன் 16 தான். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். ஆகவே எவர்சில்வர் வாலையில் அடிப்பிடிக்கும், குளிர்குழாய் சரியாகக் குளிராது என்பது அவர்கள் கணக்கு. எண்கள் சரிதான். முடிவுதான் தவறு.

குளிர்குழாயை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஆவி, வெளியே தொட்டியில் மெல்ல நகரும் தண்ணீர். ஆவியின் வெப்பம் தண்ணீருக்குப் போக மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். உட்சுவரில் படியும் நீர்ப்படலம் ஒன்று, உலோகச் சுவர் ஒன்று, குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டி அசையாமல் நிற்கும் தண்ணீர்ப் படலம் ஒன்று. இந்த மூன்றாவதுதான் பெரும் தடை. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் சுவரின் பங்கு, மொத்தத் தடையில் நூற்றுக்கு மூன்று என்ற அளவில்தான் வரும். அந்தச் சுவரைச் செம்பாக மாற்றினால் மிச்சமாவது அந்த மூன்றுதான். மூன்று மீட்டர்க் குழாய் வேண்டியிருந்த இடத்தில் பத்து சென்டிமீட்டர் கூட்டிப் போட்டால் கணக்கு தீர்ந்தது. அரைச் சாண் குழாய்க்காகவா பல மடங்கு விலை கொடுத்துச் செம்பு வாங்க வேண்டும்? தொட்டித் தண்ணீரைச் சற்றே கலக்கிவிட்டால் அதைவிடப் பல மடங்கு பலன் கிடைக்கும்.

அடிப்பிடிப்பது பற்றிச் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. எவர்சில்வர் தகடு வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்பாது. தீ படும் இடத்தில் மட்டும் சூடு குவியும். அங்கே விதையும் இலையும் படிந்து கிடந்தால் கருகும். கருகிய வாடை தீநீரில் ஏறினால் பிறகு எடுக்கவே முடியாது. இதற்கு வழி சரக்கை அடியில் படவிடாமல் செய்வது. இட்லிப் பானையில் நாம் செய்வதும் இதுதான். அடியில் நீர், அதற்கு மேலே கால் வைத்த துளைத்தட்டு, தட்டின் மேல் சரக்கு. ஆவி ஊடுருவிப் போகும். தீயின் சூடு சரக்கைத் தொடாது. இப்படி அமைத்துவிட்டால் அடித்தகடு எந்த உலோகம் என்ற கேள்வியே அடங்கிவிடுகிறது. ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்துப் பரப்ப வேண்டும். மாவாக அரைத்தால் கெட்டிப்பட்டு, ஆவி ஒரே இடத்தில் பொத்துக்கொண்டு வெளியேறும். மற்ற இடத்துச் சரக்கு வேகாமல் கிடக்கும்.

இந்தச் சண்டை முழுவதிலும் எல்லோர் கண்ணும் பானையின் மேலேயே இருக்கிறது. உலோகம் ஆவியாகி மேலே ஏறாது. பானையில் கரையும் செம்போ நிக்கலோ பானையிலேயே, சக்கையோடும் மிச்ச நீரோடும் தங்கிவிடும். கொதி பொங்கித் தெறித்தால் ஒழிய அது தீநீரைச் சேராது. ஆவி குளிர்ந்து நீராகத் தொடங்கும் இடத்திலிருந்து புட்டி வரைக்கும் உள்ள பாதைதான் தீநீரின் தரத்தைத் தீர்மானிக்கிறது. தலைமூடியின் உட்புறம், ஆவிக்குழாய், குளிர்குழாய், இணைப்புகள், கடைசியாகச் சொட்டும் முனை இவ்வளவுதான் அந்தப் பாதை. பளபளக்கும் செம்புப் பானையைப் படம் பிடித்துக் காட்டுகிறவர்களிடம், அதிலிருந்து புட்டிக்குப் போகும் குழாய் எதனால் ஆனது என்று கேளுங்கள். பிளாஸ்டிக் ஹோஸ் என்று பதில் வந்தால் அந்தப் பானையால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவில் கள்ளத்தனமாகச் சாராயம் காய்ச்சியவர்கள் பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்கலனாக வைத்தார்கள். அந்த ரேடியேட்டர்களும் செம்பும் பித்தளையும்தான். இணைப்புகளில் இருந்த காரீயப் பற்று, குடித்தவர்களின் இரத்தத்தில் ஏறியது.

செம்புக்கு ஒரு நிஜமான இடம் உண்டு. அதை மறைத்துப் பேசினால் என் வாதம் நேர்மையற்றதாகிவிடும். ஈஸ்ட் புளிக்கவைத்த ஊறலில் கந்தகச் சேர்மங்கள் உருவாகும். அழுகிய முட்டைக்கோசு போன்ற அந்த வாடையைச் செம்பு பற்றிப் பிடித்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகள் செம்பு வாலையை விடாமல் வைத்திருப்பதற்கு முதன்மையான காரணம் அதுதான். அங்கேயே ரோசைல் ஆலையில் சில வாலைகளுக்குச் செம்பு, எவர்சில்வர் இரண்டிலும் குளிர்கலன்கள் உண்டு. கனத்த, கந்தகச் சாயலுள்ள சாராயம் வேண்டும்போது ஆவியை எவர்சில்வருக்குத் திருப்பிவிடுவார்கள். விஸ்கி வாலைகளில் செம்பு தானே தேய்ந்து வேலை செய்கிறது. ஆவி படும் இடங்கள் மெலிந்துபோய், சில பத்தாண்டுகளில் அந்தப் பகுதியை வெட்டிப் புதிதாக வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நம் கையில் இருப்பது ஓமமும் சோம்பும் துளசியும் வெட்டிவேரும். ஈஸ்ட் இல்லை, ஊறலும் இல்லை. சாராயம் வடிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இன்படி உரிமம் இல்லாதவருக்குக் குற்றம். அந்தப் பேச்சே நமக்கு வேண்டாம். ஏதோ ஒரு பச்சிலையில் கந்தக வாடை வருகிறது என்றால், சுத்தமான செம்புக் கம்பியைச் சுருட்டித் தலைமூடிக்குள் வைத்தால் போதும். காய்ச்சி முடிந்ததும் வெளியே எடுத்துத் துலக்கலாம். அந்த வேலைக்கு ஒரு கைப்பிடிச் செம்பு போதும் என்கிறபோது வாலை முழுதும் செம்பாக இருப்பானேன்?

எவர்சில்வரில் நிக்கலும் குரோமியமும் கரைகின்றன என்று எதிர்க்கேள்வி வரும். தக்காளிக் குழம்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் கொஞ்சம் நிக்கல் இறங்குகிறது. புதுப் பாத்திரத்தில் கூடுதலாக, பழகப் பழகக் குறைவாக. ஆனால் இலேசான தீநீர் எவர்சில்வர்க் குழாயைத் தொடுவது வழிந்து இறங்கும் சில நொடிகள்தான். நிக்கல் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர் கண்ணாடிக் குளிர்குழாய் வைத்துக்கொள்ளலாம். லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணப் பயிர் நிறுவனம் விவசாயிகளுக்காக வடிவமைத்த வாலைகளிலும் எவர்சில்வருக்கு இடம் உண்டு. உலகில் பெரிய அளவில் நறுமண எண்ணெய் எடுக்கும் நீராவி வாலைகள் இன்று பெரும்பாலும் எவர்சில்வரால் ஆனவை.

எவர்சில்வர் என்று பெயர் சொன்னாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் இதே மாதிரித் தவறுதான். செய்கிறவர் கவனம் வைக்க வேண்டிய இடங்கள் வேறு.

தகட்டின் ரகம் முதலாவது. 304 என்றால் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளது. பாத்திரக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் 202 போன்ற ரகங்கள் ஏராளம். அவற்றில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அரிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. "காந்தம் ஒட்டலை பாருங்க சார், சுத்த எவர்சில்வர்" என்று கடையில் காட்டுவார்கள். 202 லும் காந்தம் ஒட்டாது. அந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மாங்கனீசைக் காட்டும் சொட்டுத் திரவம் பழைய இரும்பு வியாபாரிகளிடம் இருக்கும். அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரைக் குளிர்நீராக ஓட்டுகிறவர்கள், குளிர்குழாய்க்கு மட்டுமாவது மாலிப்டினம் சேர்ந்த 316 வாங்குவது நல்லது. உப்பு, 304 இல் ஊசிமுனைத் துளைகளைப் போட்டுவிடும். அதே காரணத்தால் பானைக்குள் உப்புப் போட்டுக் காய்ச்சும் பழக்கமும் வேண்டாம்.

பிறகு வெல்டிங். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இருபது லிட்டர் எவர்சில்வர் பால்கேனை வாங்கி, மூடியில் துளையிட்டு, குழாயை ஆர்கான் வெல்டிங்கில் பிடித்தால் நல்ல வாலைக்கு அடித்தளம் ஆயிற்று. பட்டறைக்காரர் வெளிப்பக்கத்தை அழகாக, மீன் செதில் அடுக்கியதுபோல் ஓட்டித் தந்துவிடுவார். குழாயை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வெல்டிங்கின் உட்புறம் கறுத்து, பொரிந்து, விரல் பட்டால் உதிரும் பொருக்காக நின்றால் அந்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது என்று பொருள். வெளியே ஆர்கான் காத்த உலோகத்தை உள்ளே காற்று எரித்துவிட்டது. எவர்சில்வரைக் காப்பாற்றும் குரோமியப் படலம் அங்கே இல்லை. துருவும் வாடையும் அங்கேதான் குடியேறும். வெல்டிங் ஓடும்போது குழாயின் ஒரு முனையை அடைத்து உள்ளேயும் ஆர்கான் விடும்படி கேளுங்கள். கொஞ்சம் வாயு கூடுதலாகச் செலவாகும், அந்தக் காசைச் சந்தோஷமாகக் கொடுங்கள். வேலை முடிந்ததும் நீலமும் பழுப்புமாக ஏறிய நிறத்தைத் துலக்கி எடுத்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

சுருள் குழாய் பார்க்க அழகு. எனக்குப் பிடித்தது நேர்க்குழாய்: ஒரு குழாய்க்குள் இன்னொன்று, நடுவில் தண்ணீர். பிரஷ் விட்டுத் தேய்க்கலாம், உள்ளே அழுக்கு இருந்தால் தெரியும். சுருள்தான் வேண்டும் என்றால் குழாய்க்குள் உலர்ந்த மணலை நிரப்பி, இரு முனையையும் அடைத்து வளைக்க வேண்டும், அப்போதுதான் நசுங்காது. எந்த இடத்திலும் தொய்வு விழக்கூடாது. தொய்வில் நீர் தேங்கினால் ஆவி முட்டிநிற்கும். உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. வாலையின் வாய்க்கும் சொட்டும் முனைக்கும் இடையில் ஒரு வால்வுகூட வைக்காதீர்கள். வழி அடைந்தால் அந்தப் பால்கேன் வெடிகுண்டுக்குச் சமம். குக்கரின் விசில் முனையில் ரப்பர் குழாய் மாட்டிக் காய்ச்சுவதை நான் எதிர்ப்பது இதற்காகவே. ஊறி உப்பிய ஒரு விதை போதும், அந்தச் சின்னத் துளையை அடைக்க. சரக்கும் நீரும் சேர்ந்து பானையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூடி இடுக்கை அடைக்க எபாக்ஸிப் பசை, ரப்பர் வாஷர் எதுவும் வேண்டாம். வாசனை எண்ணெய் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து அப்பினால் சூட்டில் காய்ந்து இறுகிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்த மாவுதான். அதைவிட நல்ல காப்பு வேறென்ன?

தண்ணீர்க் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தீநீர் குளிர்ந்து இறங்க, ஆவி 2,257 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டியாக வேண்டும். அதை 40 டிகிரிக்கு ஆற்ற இன்னொரு 250. குளிர்நீர் 30 டிகிரி சூடேறலாம் என்று வைத்தால் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 125 கிலோஜூலை வாங்கிக்கொள்ளும். ஆக, லிட்டருக்கு 20 லிட்டர் குளிர்நீர். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே 35 டிகிரிக்கு மேல் இருக்கும் என்பதால் இன்னும் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். முனையில் தீநீர் ஆவி பறக்கச் சொட்டினால் மணம் காற்றில் போகிறது என்று அர்த்தம். அப்போது தீயைக் குறைக்க வேண்டும். குழாயின் உலோகத்தைப் பழிக்க வேண்டாம்.

எவர்சில்வருக்கு எதிராக நான் ஏற்கும் குறை ஒன்று உண்டு. செம்பு வாலை ஓட்டையானால் கைத்தொழிலாளி ஒருவர் சுத்தியலும் பற்றுமாக உட்கார்ந்த இடத்தில் சரிசெய்துவிடுவார். எவர்சில்வரில் விரிசல் விட்டால் ஆர்கான் வசதியுள்ள பட்டறைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும். ஆனால் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் கிரில் கேட்டுக்கும் எவர்சில்வர் வளைக்காத ஊர் தமிழ்நாட்டில் இன்று குறைவு. ஈயம் பூசத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.